காத்திருப்புக் கூடத்தில் ஒரு தொடுதிரை: நோயாளி தாமே நிரப்பும் படிவத்தை அமைக்கும் முறை

ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், எழுபது வயதைக் கடந்த என் தாயாரிடம் பத்து அங்குல டேப்லெட் ஒன்றைக் கொடுத்து விவரங்களை நிரப்பச் சொன்னார்கள். பெனிசிலின் தமக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை எந்த மருத்துவரிடமும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடும் பழக்கம் உள்ளவர் அவர். திரையிலும் அதைத் தேடிப்பிடித்துத் தொட்டார். அடுத்த பகுதியைப் பார்ப்பதற்காகத் திரையை மேலே தள்ளியபோது அதே விரல் அந்தக் கட்டத்தின் மீது மறுபடி பட்டு, போட்ட குறி நீங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அருகில் இருந்த நானும் கவனிக்கவில்லை. உள்ளே ஒரு செவிலியர் வாய்மொழியாக மீண்டும் கேட்டதனால்தான் பிழை வெளிப்பட்டது.

பேனாவால் காகிதத்தில் போட்ட குறி, போட்டவர் அறியாமல் அழிவதில்லை. கண்ணாடியில் போட்ட குறியோ அழியும், பக்கத்து வரிக்குத் தாவும். நோயாளிக்கான தொடுதிரைப் படிவத்தை அமைக்கும் எவரும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனெனில் அங்கே விழும் ஒவ்வொரு தொடுகையும் அவருடைய மருத்துவப் பதிவாக மாறி, ஊசி போடுகிறவர் வரை போய்ச் சேருகிறது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனையோ சிறு கிளினிக்கோ நடத்துபவர்களும், அவர்களுக்கு மென்பொருள் எழுதுபவர்களும் இத்தகைய படிவத்தை எப்படி அமைக்கலாம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் கேள்விகளைக் குறையுங்கள்

இப்போது பயன்பாட்டில் உள்ள காகிதப் படிவத்தை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் அருகில், அதன் பதிலை யார், எதைத் தீர்மானிப்பதற்காகப் படிக்கிறார் என்று பென்சிலால் எழுதுங்கள். எழுத யாருடைய பெயரும் கிடைக்காத கேள்விகளை நீக்கிவிடலாம். எஞ்சியவற்றில் முகவரி, தொலைபேசி எண், காப்பீட்டு எண் போன்றவற்றை வரவேற்பு மேசையில் இருப்பவர் பழகிய விரல்களால் விரைவாகப் பதிந்துவிடுவார். அந்தச் சுமையை நோயாளியிடம் தள்ள வேண்டியதில்லை. ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கின் 14 இலக்க எண்ணை ஒரு முதியவர் ஒவ்வொன்றாகத் தட்டுவதைவிட, அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை ஊழியர் ஸ்கேன் செய்வதே பிழைக்கு இடம் தராத வழி. நோயாளியிடம் கேட்க வேண்டியவை அவருக்கு மட்டுமே தெரிந்தவை: என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எது ஒத்துக்கொள்ளாது, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது. ஏற்கெனவே வந்து போனவர் என்றால் பழைய பதில்களைக் காட்டி, மாற்றம் உண்டா என்று கேட்டால் போதும். ஒவ்வாமையும் தற்போதைய மருந்துகளும் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேளுங்கள். நிரப்பி வைத்த பக்கத்தைப் படிக்காமல் ‘சரி’ என்று அழுத்துவது மனித இயல்பு.

பெயருக்கான கட்டத்தில் தனிக் கவனம் தேவை. மேலைநாட்டு மென்பொருளிலிருந்து அப்படியே வந்த ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்னும் இரட்டைக் கட்டங்கள் தலைப்பெழுத்தை மட்டும் வைத்திருக்கும் நம் மக்களைத் திகைக்க வைக்கின்றன. சிலர் தலைப்பெழுத்தைக் கடைசிப் பெயராக எழுதுகிறார்கள், சிலர் தகப்பனார் பெயரை முழுமையாக எழுதுகிறார்கள். ஒரு பெண்ணின் பெயர் தகப்பனாரின் தலைப்பெழுத்தோடு ஒருமுறையும், திருமணத்துக்குப் பின் கணவரின் தலைப்பெழுத்தோடு மறுமுறையும் பதிவாகுமானால், ஒரே ஆள் இரண்டு நோயாளிகளாகிவிடுவார். பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பு ஒரு கோப்பிலும் இன்றைய ரத்தப் பரிசோதனை இன்னொரு கோப்பிலும் கிடக்கும். பெயருக்கு ஒரு கட்டம், தலைப்பெழுத்துக்கு ஒரு கட்டம், தகப்பனார் அல்லது கணவர் பெயருக்குத் தனிக் கட்டம் என்று பிரித்துவிடுவதே நல்லது. ஆண், பெண் என்பவற்றோடு மூன்றாம் பாலினத்தவருக்கும் ஒரு தேர்வு இருக்க வேண்டும். 2014இல் உச்ச நீதிமன்றம் அந்த அடையாளத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது.

பிறந்த தேதியை உருளையைச் சுழற்றித் தேர்ந்தெடுக்கும் அமைப்பு முதியவர்களை மிகவும் வருத்துவது. 1951க்குப் போய்ச் சேர எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளைச் சுழற்றித் தள்ள வேண்டும். நிறுத்த நினைக்கும் இடத்தில் அது நிற்பதும் இல்லை. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டங்களை வைத்து, பெரிய எண் பலகையைத் திறந்து கொடுங்கள். பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் எழுதிவைத்த தேதியைத் தவிர வேறு தேதியை அறியாத முதியவர்கள் பலர் இருக்கிறார்கள்; அந்தத் தேதியும் இல்லாதவர்கள் உண்டு. ‘வயது மட்டும் தெரியும்’ என்றொரு தேர்வை வைத்து, அந்த வயது தோராயமானது என்பதையும் பதிவிலேயே குறித்துவிடுங்கள். மென்பொருள் தானாக ஜனவரி 1 என்று இட்டு நிரப்புவது பொய்யான தகவலை உண்மைபோல் காட்டுவதாகும்.

மக்கள் சொல்லும் சொல்லில் கேளுங்கள்

‘உங்களுக்கு ஒவ்வாமை உள்ளதா?’ என்ற கேள்வி இலக்கணப்படி சரியானது. ஆனால் ‘எந்த மாத்திரையாவது ஊசியாவது போட்டு உடம்பில் தடிப்பு, அரிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் வந்ததுண்டா?’ என்று கேட்டால்தான் சரியான பதில் வரும். நீரிழிவு என்பதோடு சர்க்கரை என்றும், உயர் ரத்த அழுத்தம் என்பதோடு பிரஷர் என்றும், வலிப்பு என்பதோடு ஃபிட்ஸ் என்றும், இளைப்பு என்பதோடு வீசிங் என்றும் இரண்டு சொற்களையும் சேர்த்தே எழுதுங்கள். தூய சொல்லை மட்டும் வைத்துவிட்டு நோயாளிக்குப் புரியவில்லை என்று குறைப்படுவது நியாயமன்று.

எதிர்மறையாகக் கேட்கவே கேட்காதீர்கள். ‘உங்களுக்கு அலர்ஜி எதுவும் இல்லையே?’ என்று கேட்டால், ‘ஆமாம்’ என்பவர் இருக்கிறது என்கிறாரா, இல்லை என்பதை ஆமோதிக்கிறாரா என்பது தெரியாது. நேரில் பேசும்போது குரலும் தலையசைப்பும் அந்த ஐயத்தைத் தீர்த்துவிடும். திரையில் அதற்கு வழியில்லை. விடைப் பொத்தான்களிலும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் எழுதாமல் ‘ஆம், வந்திருக்கிறது’, ‘இல்லை, வந்ததில்லை’, ‘தெரியவில்லை’ என்று முழுமையாக எழுதினால் கேள்வியை மறந்தவரும் சரியாகத் தொடுவார். மூன்றாவது தேர்வு கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால், தெரியாதவர் ‘இல்லை’ என்று அழுத்திவிட்டு நகர்ந்துவிடுவார். எந்த விடையையும் முன்கூட்டியே குறியிட்டு வைக்காதீர்கள். முன்குறியிட்ட ‘இல்லை’, பார்க்கப்படாத கேள்வியைப் பதிலளிக்கப்பட்ட கேள்வியாக மாற்றிவிடுகிறது.

எழுத்துரு பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிட நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ என்பது பாதியில் வெட்டுப்படும். ‘அனுப்பு’, ‘அடுத்தது’, ‘முந்தையது’ போன்ற சிறு சொற்களைத் தேர்ந்து, பொத்தானையும் அகலமாக்குங்கள். மேலே விசிறியும் கீழே சுழியும் வருகிற நம் எழுத்துகளுக்கு வரியிடைவெளியும் சற்றுக் கூடுதலாகத் தேவை. நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வருவது இயல்பு; கண்ணாடியை வீட்டில் மறந்து வந்தவரும் படிக்கும் அளவுக்கு எழுத்து இருக்கட்டும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வலை அணுகல்தன்மை வழிகாட்டுதல் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிமாறுபாட்டைக் கேட்கிறது. வெளிர் சாம்பல் நிற எழுத்துகள் பார்வைக்கு நாகரிகமாக இருக்கலாம். கண்புரை உள்ளவருக்கு அவை தெரிவதே இல்லை.

தட்டச்சு செய்ய வைப்பதை இயன்றவரை தவிருங்கள். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையை நன்றாகப் பழகியவர்கள் உண்டு; ஆனால் கூடத்தில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் கைபேசியில் ஆங்கில எழுத்துகளைக் கொண்டு தமிழை அடிப்பவர்கள் அல்லது எதையுமே அடிக்காதவர்கள். குரலால் சொல்லிப் பதியும் வசதி உதவக்கூடியதுதான், ஆனால் நாற்பது பேர் அமர்ந்திருக்கும் இடத்தில் தம் வெள்ளைப்படுதலையோ மூலத்தையோ யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். பட்டியலிலிருந்து தொட்டுத் தேர்ந்தெடுக்க விடுங்கள். பட்டியலில் இல்லாததை ‘வேறு ஏதோ உண்டு, நேரில் சொல்கிறேன்’ என்ற ஒரு பொத்தானுக்கு விட்டுவிடுங்கள். அந்தப் பொத்தான் செவிலியருக்கு ஒரு நினைவூட்டலாகப் போய்ச் சேர வேண்டும்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கௌரி’ என்ற பெயரை ஔகாரக் குறியீட்டோடும் அடிக்கலாம். ஒற்றைக்கொம்போடு ‘ள’ சேர்த்தும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ விழுவதும் இதே வகைப் பிழை. தேடலின்போது இவற்றை ஒன்றாகக் கருதும்படி செய்யாவிட்டால், அடுத்த வருகையில் கௌரியின் கோப்பு அகப்படாது.

விரலும் கண்ணாடியும்

இன்றைய டேப்லெட்டுகளின் திரை அழுத்தத்தை உணர்வதில்லை; விரல் நெருங்கும்போது ஏற்படும் மின்புல மாற்றத்தையே உணர்கிறது. ஆகவே வயல் வேலையிலும் கட்டட வேலையிலும் காய்ப்பேறிய வறண்ட விரலைச் சில வேளைகளில் அது உணராது. சானிட்டைசர் ஈரம் காயாத விரலைத் தாறுமாறாக உணரும். தடித்த கையுறையைப் பெரும்பாலும் உணராது. தொட்டும் பயனில்லை என்று காணும் நோயாளி இன்னும் பலமாக அழுத்துவார், பிறகு நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பார், உடனே நகலெடுக்கும் பட்டியல் ஒன்று குதித்து வந்து அவரைப் பயமுறுத்தும். நீண்ட அழுத்தத்துக்கான செயல்களை அடியோடு நிறுத்திவைப்பதும், ரப்பர் முனை கொண்ட எளிய தொடுபேனா ஒன்றை நூலால் கட்டிவைப்பதும் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும்.

பொத்தானின் அளவில் கஞ்சத்தனம் கூடாது. ஆண்ட்ராய்டு வடிவமைப்பு நெறி பரிந்துரைக்கும் 48 அலகு, திரையில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூ3சி வழிகாட்டுதலின் 2.2 பதிப்பு 24 பிக்சலைக் குறைந்தபட்சமாக வைத்து, உயர்ந்த தரநிலைக்கு 44 பிக்சல் என்கிறது. இவை எல்லாருக்குமான பொது அளவுகள். கை நடுங்குகிறவரும், சர்க்கரை நோயால் விரல்நுனி உணர்வு குறைந்தவரும், ஒரு கையில் ஊசிக்குழாய் குத்தியிருப்பவரும் வருகிற இடத்தில், என் கருத்துப்படி விடைப் பொத்தான்கள் 15 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமலும், அவற்றுக்கிடையே விரல் நழுவ இடம் விட்டும் இருக்க வேண்டும். ‘ஆம்’ என்பதையும் ‘இல்லை’ என்பதையும் ஒட்டி வைக்காதீர்கள்.

ஒரு திரைக்கு ஒரு கேள்வி போதும். மேலே கீழே தள்ள வேண்டிய தேவையே இல்லாவிட்டால், என் தாயாருக்கு நேர்ந்த பிழை நேர வழியில்லை. தேர்ந்த விடை நிறம் மாறுவதோடு ஒரு சரிக்குறியும் பெற வேண்டும். நிறத்தை மட்டும் நம்பினால் நிறக்குருடு உள்ளவருக்கு அது தெரியாது. தொட்டவுடன் அடுத்த கேள்விக்குத் தானாகத் தாவும் அமைப்பை நான் விரும்புவதில்லை, ஏனெனில் தாம் எதைத் தொட்டோம் என்று பார்ப்பதற்கு அது நேரம் தருவதில்லை. ‘12இல் 5’ என்று மேலே எழுதிக் காட்டினால், இன்னும் எவ்வளவு என்ற பதற்றம் இராது. இறுதியில் எல்லாப் பதில்களையும் வாக்கியங்களாகத் திருப்பிக் காட்டுங்கள்: ‘பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருக்கிறீர்கள்.’ வாக்கியமாகப் படிக்கும்போது கண்ணில் படும் பிழை, சரிக்குறிகளின் வரிசையில் படாது.

பத்து அங்குல டேப்லெட் உறையோடு அரைக் கிலோவைத் தாண்டும். வலியோடு வந்தவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டிருக்கும்படி விடாமல், சாய்வான தாங்கி ஒன்றில் வைத்து, குழல்விளக்கும் சன்னலும் திரையில் பிரதிபலிக்காத திசையில் நாற்காலியைப் போடுங்கள். ஒவ்வொருவருக்குப் பின்னும் 70 விழுக்காடு ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துடைப்பானால் துடையுங்கள். உங்கள் கருவியின் தயாரிப்பாளர் அதை அனுமதிக்கிறாரா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். துடைக்கும் முன் திரையை அணைக்க மறந்தால், துடைக்கிற துணியே அடுத்தவரின் படிவத்தை நிரப்பத் தொடங்கிவிடும்.

பக்கத்து நாற்காலியும் பதிலின் வழியும்

மனிதரிடம் சொல்லக் கூசுவதை மக்கள் இயந்திரத்திடம் சொல்வார்கள் என்பது வெறும் ஊகமன்று. 1998இல் சயன்ஸ் இதழில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், காகிதத்தில் எழுதிய வளரிளம் பருவ ஆண்களைவிட, கேள்விகளைக் காதொலிப்பானில் கேட்டுக் கணினியில் பதிலளித்தவர்கள் பாலுறவு, போதைப்பொருள், வன்முறை குறித்த நடத்தைகளைக் கூடுதலாக ஒப்புக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்தக் காதொலிப்பான் முறை ஒரு வழியைத் திறக்கிறது. ஆனால் நம் ஊரில் நோயாளி தனியாக வருவது அரிது. மகனும் மருமகளும் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், கருக்கலைப்பு நடந்ததுண்டா, குடிப்பழக்கம் உண்டா என்ற கேள்விகளுக்கு உண்மை வராது. இத்தகைய கேள்விகளுக்கு ஒரு தடுப்புக்குப் பின்னால் தனி நாற்காலி வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இருண்டு தெரியும் திரைத்தாளையும் ஒட்டலாம். ‘இதை மருத்துவரிடம் மட்டும் சொல்கிறேன்’ என்ற விடை அங்கே எப்போதும் இருக்க வேண்டும். இறுதியில் பதில்களைத் திருப்பிக் காட்டும் பக்கத்தில் இந்தப் பதில்களை மறைத்தே காட்டுங்கள்.

மனச்சோர்வைக் கண்டறியும் பி.எச்.க்யூ-9 வினாப்பட்டியலை டேப்லெட்டில் வைப்பவர்கள் ஒன்றை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27 என்று கணக்குப் போடுவது மென்பொருளுக்கு எளிது. ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் என்றோ தம்மைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றிய எண்ணங்களைப் பற்றியது. காகிதமாக இருந்தால் வாங்கிப் பார்க்கும் செவிலியரின் கண் அந்த வரியில் நிற்கும். டேப்லெட்டிலோ அந்தப் பதில் தரவுத்தளத்துக்குள் போய்விடும். நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு 0 தவிர வேறு எது விழுந்தாலும், அந்த நேரத்தில் பணியில் இருக்கும் குறிப்பிட்ட ஒருவருக்கு உடனடியாகத் தகவல் போக வேண்டும். அவர் அன்றே நோயாளியைத் தனியாக அழைத்துப் பேச வேண்டும். அவருக்கு மாற்றாக யார் என்பதும் எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐத் திரையில் காட்டுவது நல்லது, ஆனால் அது அந்தப் பேச்சுக்கு ஈடாகாது. இந்த ஏற்பாட்டைச் செய்ய இயலாதவர்கள் இந்த வினாப்பட்டியலைத் திரையில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அறுவை சிகிச்சைக்கான ஒப்புதலைப் பதிவுப் படிவத்தின் கடைசிப் பக்கமாக ஒட்டிவைப்பதும் தவறு. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைப் போதிய அளவு எடுத்துச் சொன்ன பிறகு தரப்படுவதே ஒப்புதல் என்றும், பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குப் பொருந்தாது என்றும் தெளிவாக்கியது. மருத்துவர் எதிரில் அமர்ந்து விளக்குகையில் படங்களைக் காட்டுவதற்கு டேப்லெட் மிகவும் பயன்படும். அவர் இல்லாத இடத்தில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று விரலால் தட்டவைப்பதற்கு அது கருவியாகக் கூடாது. தரவுகளைத் திரட்டுவதற்கான ஒப்புதலை இதனோடு கலக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதற்கான அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை மக்களுக்குத் தரச் சொல்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் உள்ள மொழி. ஆங்கில அறிவிப்பை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்குவதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

டோக்கன் எண் கூப்பிடப்படும்போது

நம் மருத்துவமனைகளில் படிவம் பெரும்பாலும் பாதியிலேயே நிற்கும். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டவுடன் நோயாளி டேப்லெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து ஓடுவார். ஒவ்வொரு பதிலும் தொட்ட கணமே சேமிக்கப்பட வேண்டும், வைஃபை அறுந்தாலும் கருவிக்குள் தங்கியிருக்க வேண்டும். அதேசமயம், ஓரிரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரையிலிருந்து மறைந்து, ஊழியர் திறந்தால் மட்டும் தொடர வேண்டும். அடுத்து அமர்பவர் முந்தையவரின் பதில்களைப் பார்ப்பதும், தம் பதில்களை அவர் கோப்பில் சேர்ப்பதும் ஒரே தவற்றின் இரண்டு முகங்கள். ஒவ்வொரு படிவத்தின் தொடக்கத்திலும் பெயரையும் வயதையும் பெரிய எழுத்தில் காட்டி, ‘இது நீங்கள்தானா?’ என்று கேளுங்கள். அந்த ஒரு செயலியைத் தவிர வேறெதையும் திறக்க முடியாதபடி கருவியைப் பூட்டிவைப்பதும், விசைப்பலகை முந்தையவர் அடித்த சொற்களை நினைவில் வைத்துப் பரிந்துரைக்காதபடி நிறுத்திவைப்பதும் தேவை.

உதவிக்கு ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அவருக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம், ‘கொடுங்கம்மா, நானே போட்டுத் தருகிறேன்’ என்று கருவியை வாங்கிக்கொள்ளாமல் இருப்பது. அவசரத்தில் அவர் போடும் ‘இல்லை’கள் நோயாளியின் பதில்கள் ஆகமாட்டா. நோயாளியே விரும்பிக் கேட்டால், ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, சொன்ன பதிலைத் தொட்டு, திரையைத் திருப்பிக் காட்ட வேண்டும். உதவி பெற்று நிரப்பியது என்பதும் பதிவில் இருக்க வேண்டும்.

ஐந்து பேருடன் அமர்ந்து பாருங்கள்

படிவத்தைத் தொடங்கி வைக்கும் முன், அதை எழுதியவர்களும் மருத்துவர்களும் கூடிப் பார்த்துச் சரி என்பது சோதனை ஆகாது. அனுமதி பெற்று ஐந்து உண்மையான நோயாளிகளிடம் கொடுங்கள்: ஒரு முதியவர், தட்டச்சுப் பழகாதவர், கூலி வேலை செய்பவர், கண்ணாடி அணிபவர், கைக்குழந்தையோடு வந்த தாய். அருகில் அமர்ந்து, வாய் திறக்காமல், விரல் எங்கே தயங்குகிறது, எங்கே திரும்பிப் பார்க்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உதவி செய்யாமல் இருப்பது கடினம். ஆயினும் அந்த மௌனத்தில்தான் குறைகள் தெரியும். அவர் முடித்தபின் திரையைப் பார்க்காமல் அதே கேள்விகளை வாய்மொழியாகக் கேட்டு, இரண்டு பதில்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்பதைவிட இந்த ஒப்பீடே முக்கியம். விரைவாக நிரப்பப்பட்ட தவறான படிவத்தால் யாருக்கும் பயன் இல்லை.

ஒரு கருவி பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை அளக்க ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்து வாக்கிய அளவுகோலைப் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதில் நேர்மறையும் எதிர்மறையுமாக வாக்கியங்கள் மாறி மாறி வருவதால், மேலே சொன்ன ஆமாம்–இல்லைக் குழப்பம் தமிழில் அப்படியே வந்துவிடும். ஊழியர்களிடம் அதைக் கொடுக்கலாம். நோயாளியிடம் ‘எது கஷ்டமாக இருந்தது?’ என்ற ஒரு கேள்வி போதும்.

தொடங்கிய பிறகும் சில வாரங்களுக்கு, செவிலியர் ஒவ்வொருவரிடமும் ஒவ்வாமை, தற்போதைய மருந்துகள், கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு ஆகியவற்றை நேரில் மீண்டும் கேட்டு, திரையோடு முரண்படும் இடங்களை ஒரு நோட்டில் எழுதிவரட்டும். கர்ப்பம் பற்றிய கேள்வியை மட்டும் தனியாக இருக்கையில் கேட்க வேண்டும். ஒரே கேள்வி அந்த நோட்டில் திரும்பத் திரும்ப வருமானால் மாற்ற வேண்டியது அந்தக் கேள்வியை. திரையில் உள்ள அதே வரிசையில், அதே சொற்களில் அச்சிட்ட காகிதப் படிவங்களும் மேசையில் இருக்கட்டும். மின்சாரம் போன நாளிலும், ‘எனக்கு இது வேண்டாம், பேப்பர் கொடுங்கள்’ என்று ஒருவர் கேட்கும்போதும், தயங்காமல் எடுத்துக் கொடுக்க அவை தேவைப்படும்.